எந்த மாதம் போகலாம்

பேரணாம்பட்டு தாண்டி, மலை ஏறுவதற்கு முன்
கடைசிப் பஞ்சர் கடை என்னுடையது.
காற்றடிக்க நிற்கிறவர்கள்
காற்றை மட்டும் அடித்துக்கொண்டு போவதில்லை.
"ராயதுர்கத்துப் பக்கம் மணல்மேடு இருக்குதாமே அக்கா,
எந்த மாதம் போகலாம்?"

நான் போனதில்லை.
ஆனாலும் சொல்வேன்.
போய்வந்த டயர்கள் என்னிடம்தானே வருகின்றன.

சித்திரையில் திரும்பும் டயர்
தொட்டால் தோசைக்கல்.
பட்டனில் பாதி
கல்யாணதுர்கம் தாரில் ஒட்டிக்கொண்டிருக்கும்.
ஐப்பசி டயரில் கரிசல் மண்.
ஸ்க்ரூடிரைவரால் தோண்டியபோது ஒருமுறை
முளைவிட்ட கொண்டைக்கடலை வந்தது.
ஆயில் டப்பாவில் ஊன்றி
மூன்று இலைவரை வளர்த்தான் இம்தியாஸ்.
பிறகு யாரோ அதில் பீடி அணைத்துவிட்டார்கள்.

தை மாதம் போனவர்கள் பேச்சே வேறு:
கழுவிவிட்ட வானம், ராத்திரிக்குப் போர்வை.
ஆனால் தையில் எல்லோரும் போகிறார்கள்.
"மணலே தெரியலைம்மா, செருப்புதான் தெரிஞ்சுது" என்றார்
தணிகைவேல்.
அவர் ஆம்பூர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர்,
அவருக்கு எங்கே போனாலும் செருப்புதான் தெரியும்.

பல்லாரிக்கு வெங்காயம் ஏற்றப் போகும் முனிரத்தினத்தைக் கேட்டேன்.
"மணலுக்கு ஏது மாதம் சர்குணா" என்றான்.
அவன் அப்படித்தான், பணம் கொடுக்கிற நேரம் தவிர
மற்ற நேரமெல்லாம் தத்துவம்.

எனக்கென்று ஒரு மாதம் தேடினேன்.
வெயிலில் டயர் வெடிக்கும், கடையை விட முடியாது.
மழையில் ஆணி மேலே வரும், விடவே முடியாது.
தையில் காற்றுக்கு வரிசை.
மிச்சம் ஆடி.
கல்யாணம் இல்லை, புது வண்டி இல்லை,
பழைய வண்டியும் தவணைக்குப் பயந்துதான் ஓடுகிறது.

அம்மியே பறக்கட்டும் என்று
கம்ப்ரசருக்குச் சாக்கு போர்த்திவிட்டு
இம்தியாஸின் மச்சான் ஆம்னியில்
விடியற்காலை மலை ஏறினோம்.
பலமநேரில் சால்வை தேடினேன்.
மதனப்பள்ளியில் டீ. கதிரியில் இன்னொரு டீ.
அதற்கு மேல் மரம் குறைந்து
கல் கூடிக்கொண்டே போனது.

மணல் சும்மா உட்கார்ந்திருக்கும் என்று நினைத்திருந்தேன்.
அது ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது,
முழங்கால் உயரத்தில்,
ஆட்டு மந்தை போல, அவசரமில்லாமல்.
இம்தியாஸ் ஹார்ன் அடித்தான்.

ஓபுலம்மா என்று ஒருத்தி
இரும்புச் சட்டியால்
தன் வாசலைத் தோண்டி வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள்.
என் தெலுங்கு கடைத் தெலுங்கு:
டயர், காற்று, எவ்வளவு, நாளைக்கு வா.
அதை வைத்தே கேட்டேன்,
இங்கே எந்த மாதம் நல்லது?
சட்டியைக் கீழே வைக்காமல் யோசித்தாள்.
"மணல் பக்கத்துக் கொல்லைக்குப் போகிற மாதம்."
பக்கத்துக் கொல்லைக்காரர் வேலியருகே நின்றிருந்தார்.
அவர் சிரிக்கவில்லை.

மேட்டில் ஏறினோம். கண்ணைத் திறக்க முடியவில்லை,
முந்தானையால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டேன்.
பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம்.
வால்வைப் பிடுங்கிய லாரி டயர்
நாள் முழுக்க இறங்கிக்கொண்டே இருக்கிற சத்தம்.
இத்தனை காற்றையும் யார் அடைத்தார்கள் என்று
தொழில் புத்தி கேட்டது.
ஏறிவந்த காலடிகள் இறங்கும்போது இல்லை.

இப்போதும் கேட்கிறார்கள்.
நேற்று ஒரு ஜோடி, புது புல்லட்,
ஹெல்மெட்டில் கேமரா.
"எந்த மாதம் அக்கா?"
"உங்களுக்கு எப்போ லீவு?" என்றேன்.
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.
அவளுக்கு மார்கழியில்,
அவனுக்கு வைகாசியில்.

குனிந்து பின்சக்கரத்துக்குக் காற்று வைத்தேன்.
அன்று கூடவே வந்த கேஜ்.
கண்ணாடிக்குள் சிட்டிகை மணல் இருக்கிறது,
முள் அதைத் தள்ளிக்கொண்டுதான்
முப்பதைத் தொடுகிறது.